ஹம், பியூஸ், சூடு: வீட்டில் செய்த ஆம்ப்ளிபயருக்குக் கேள்வி பதில்

வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் பவர் சப்ளை பற்றியவை என்பதால் அவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். கவரைத் திறந்து வேலை செய்பவர்கள் இதை மறக்கக் கூடாது: பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் சார்ஜ் நிற்கும். ஸ்குரூ டிரைவரால் ஷார்ட் செய்து இறக்காதீர்கள். 100 ஓம்ஸ், 5 வாட்ஸ் ரெசிஸ்டரைச் சில விநாடி முனைகளில் பிடித்து, மீட்டரில் பார்த்துவிட்டுக் கை வையுங்கள்.

கேள்வி: அண்ணா, டிடிஏ 2030 ஆம்ப்ளிபயர் ஐசி இரண்டு போட்டு ஸ்டீரியோ செய்தேன். 12-0-12, 3 ஆம்ஸ் டிரான்ஸ்பார்மர். பாட்டு போடாதபோதே 'ம்ம்ம்' என்று இரைகிறது. 4700 மைக்ரோ பாரட் கெப்பாசிட்டரை எடுத்துவிட்டு 10,000 போட்டும் குறையவில்லை.

பதில்: முதலில் போர்டின் இன்புட்டை அதன் கிரவுண்டோடு ஷார்ட் செய்து கேளுங்கள் தம்பி. இரைச்சல் நின்றால் சப்ளைமேல் குற்றமில்லை. இன்புட் வயரையும் அதில் செருகியதையும் பாருங்கள். நிற்காவிட்டால், கெப்பாசிட்டரைப் பெரிதாக்கியும் குறையவில்லை என்கிறீர்களே, எனக்குக் கிரவுண்ட் வயரிங்மேல்தான் சந்தேகம்.

ஏசியை டிசி ஆக்கும் டயோடுகள், அதாவது பிரிட்ஜ், கெப்பாசிட்டரை ஒரே சீராக நிரப்புவதில்லை. விநாடிக்கு 100 முறை, அலையின் உச்சியில் மட்டும், சட்டென்று ஒரு கரன்ட்டைத் தள்ளுகிறது. கெப்பாசிட்டர் பெரிதாக ஆக அந்தத் தள்ளல் இன்னும் கூர்மையாகும். பாட்டு இல்லாதபோது அது 1 ஆம்பியர் என்றே வைத்துக்கொள்வோம். அரை சதுர மில்லிமீட்டர் வயர் 10 சென்டிமீட்டர் நீளத்துக்கு 3.4 மில்லி ஓம் வரும். ஆக அந்தத் துண்டு வயரில் 3.4 மில்லி வோல்ட். டிரான்ஸ்பார்மருக்கும் கெப்பாசிட்டருக்கும் நடுவே அந்த வயரில் இன்புட் கிரவுண்டைச் சால்டர் செய்திருந்தால், அந்த 3.4-ஐ ஐசி முப்பது மடங்காக்கி ஸ்பீக்கருக்கு அனுப்பும். 100 மில்லி வோல்ட் ஹம் நன்றாகவே கேட்கும்.

டிரான்ஸ்பார்மரின் நடு வயர், அதாவது சென்டர் டேப் வயர், நேராக இரண்டு கெப்பாசிட்டர்களும் சேரும் இடத்துக்கு வரட்டும். அங்கிருந்து ஒரு தடித்த வயரை 2 இன்ச் தள்ளி ஒரு புள்ளிக்குக் கொண்டுபோங்கள். ஸ்பீக்கர் கிரவுண்ட், போர்டு கிரவுண்ட், இன்புட் கிரவுண்ட் எல்லாம் அந்தப் புள்ளியிலிருந்து தனித்தனியாகப் போக வேண்டும். காசு கொடுத்துப் பெரிய கெப்பாசிட்டர் வாங்குவதற்கு முன் இதைச் செய்யுங்கள் என்று எல்லோரிடமும் கெஞ்சிக் கேட்கிறேன்.

கேள்வி: சுவிட்ச் போட்டதும் பியூஸ் போகிறது. மூன்று பியூஸ் மாற்றிவிட்டேன் சார்.

பதில்: நான்காவதை மாட்டாதீர்கள். சீரிஸ் போர்டில் 100 வாட்ஸ் குண்டு பல்பு போட்டு, அதன் வழியாக ஆம்ப்ளிபயருக்கு சப்ளை கொடுங்கள். எல்இடி பல்பு இதற்கு உதவாது. பல்பு ஒரு நொடி பளிச்சென்று எரிந்து மங்கினால் ஷார்ட் இல்லை. வளைய வடிவ டொராய்டல் டிரான்ஸ்பார்மரும் காலிக் கெப்பாசிட்டரும் தொடக்கத்தில் இழுக்கும் கரன்ட்தான் பியூஸை அடிக்கிறது. அதே ரேட்டிங்கில், அந்த நொடி நேர இழுப்பைத் தாங்கும் ஸ்லோ புளோ பியூஸ் போதும். முழு வெளிச்சத்தில் நின்று எரிந்தால் உள்ளே ஷார்ட். போர்டைக் கழற்றிப் பாருங்கள், அப்புறம் கெப்பாசிட்டரை, அப்புறம் பிரிட்ஜை. எதைக் கழற்றியதும் பல்பு மங்குகிறதோ அதுதான் குற்றவாளி. பிரிட்ஜில் ஒரு டயோடு ஷார்ட் ஆகியிருப்பது சகஜம். 1 ஆம்பியர் தாங்கும் 4007-ஐ மீண்டும் போடாதீர்கள். 3 ஆம்பியர் தாங்கும் 5408 போடுங்கள்.

கேள்வி: எங்கள் ஊரில் சாயங்காலம் ஆனால் மட்டும் ஹம் வருகிறது. காலையில் சுத்தமாக இருக்கிறது. டோன் கன்ட்ரோல் போர்டுக்கு 12 வோல்ட் டிரான்ஸ்பார்மர், பிரிட்ஜ், 7812 ரெகுலேட்டர்.

பதில்: சாயங்காலம் வீட்டு லைன் வோல்டேஜை அளந்து பாருங்கள் அம்மா. அது 230-லிருந்து 180-க்கு இறங்கினால் உங்கள் 12 வோல்ட் 9.4 ஆகிவிடும். அலையின் உச்சியைக் காண அதை 1.414-ஆல் பெருக்கி, பிரிட்ஜில் போகும் 1.4-ஐக் கழித்தால் 7812-க்குக் கிடைப்பது 11.9. வெளியே 12 வர உள்ளே குறைந்தது 14 வேண்டும். அது கிடைக்காதபோது ரெகுலேட்டர் அடக்க வேண்டிய அலையெல்லாம் அப்படியே போர்டுக்குப் போகிறது. 15 வோல்ட் டிரான்ஸ்பார்மர் மாற்றினால் அதே 180-லும் 15 வோல்ட் நிற்கும். லைன் ஏறும்போது 7812 கொஞ்சம் சூடாகும், சின்ன ஹீட் சிங்க் போடுங்கள்.

கேள்வி: 4440 ஐசி போட்ட ஆம்ப்ளிபயர் போர்டுக்கு 15 வோல்ட் டிரான்ஸ்பார்மர் போடலாமா?

பதில்: வேண்டாம். பிரிட்ஜுக்குப் பிறகு 20 வோல்ட் வரும். அந்த ஐசி வேலை செய்யும்போது தாங்கும் எல்லை 18.

கேள்வி: எல்இடி விளக்குக்கான 12 வோல்ட் எஸ்எம்பிஎஸ் பவர் சப்ளைப் பெட்டியில் 4440 ஓட்டுகிறேன். பாடுகிறது, ஆனால் வால்யூம் குமிழைத் தொட்டால் சுருக்கென்று இருக்கிறது.

பதில்: அந்தப் பெட்டியில் எர்த் முனை காலியாக இருக்கும், சரியா? உள்ளே பில்டர் கெப்பாசிட்டர்கள் லைனிலிருந்து பெட்டியின் மெட்டல் பாடிக்கு மிகச் சிறிய கரன்ட்டைக் கசியவிடும். மூன்று முள் பிளக் போட்டு உண்மையான எர்த்தில் இணையுங்கள். வீட்டில் எர்த் இல்லையென்றால் முதலில் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். எர்த் கொடுத்தும் சுருக்கென்றால் அந்தப் பெட்டியை இனி பயன்படுத்தாதீர்கள்.

கேள்வி: அண்ணே, ஆன் செய்ததும் 'டொப்' என்று ஸ்பீக்கர் கோன் உள்ளே போய் அங்கேயே நிற்கிறது. பிளஸ் பக்கம் 24, மைனஸ் பக்கம் 9 வோல்ட்.

பதில்: உடனே ஸ்பீக்கரைக் கழற்றுங்கள். டிசி ஏறியிருக்கிறது, காயில் கருகிவிடும். இரண்டும் சேர்ந்து 33 வருகிறது, ஆனால் சமமாகப் பிரியவில்லை. சென்டர் டேப் வயர் விட்டுப்போயிருக்கலாம். அந்த வயரின் சால்டரை லேசாக அசைத்துப் பாருங்கள். வயர்மேல் உள்ள எனாமல் பூச்சைச் சுரண்டாமல் வைத்த சால்டர் வெளியே பளபளக்கும், உள்ளே ஒட்டியிருக்காது. அதைச் சரிசெய்து இரு பக்கமும் ஏறக்குறைய சமமாக வந்தபின், ஸ்பீக்கர் இல்லாமலே அவுட்புட்டில் டிசி அளவிடுங்கள். 50 மில்லி வோல்ட்டுக்குள் இருந்தால் மாட்டலாம். வோல்ட் கணக்கில் நின்றால் ஐசியும் போயிருக்கிறது.