வேலை இழந்த அண்ணனிடம் இதைக் கேட்கலாமா?

கேள்வி: என் அண்ணனுக்கு 49 வயது. ஆட்குறைப்பில் வேலை போய் நான்கு மாதமாகிறது. கடன்பற்று அட்டைக் கடனும் இருக்கிறது. “நான் இருந்து யாருக்கு என்ன லாபம்?” என்கிறார். பொருளாதாரம் சரிந்தால் தற்கொலைகள் கூடும் என்று படித்தேன். அவரிடம் வெளிப்படையாகக் கேட்கலாமா? — வாசகி, உட்லண்ட்ஸ்

பதில்: கேளுங்கள், இன்றைக்கே. “தற்கொலை எண்ணம் வருகிறதா அண்ணா?” என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் இல்லாத எண்ணம் முளைத்துவிடாது. “ஆமாம்” என்றால் அவரைத் தனியே விடாதீர்கள். சிங்கப்பூர் அபய ஆலோசனைச் சங்கத்தை 1767 என்ற எண்ணில் எந்நேரமும் அழைக்கலாம். உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் 995.

நீங்கள் படித்தது பாதி உண்மை. ஆசிய நிதி நெருக்கடியை அடுத்து, 1998இல் ஜப்பானில் தற்கொலைகள் ஒரே ஆண்டில் ஏறத்தாழ 24,000இலிருந்து 32,000க்கு மேல் தாவின. ஆனால் 1990களின் தொடக்கத்தில் ஃபின்லாந்தில் வேலையின்மை பல மடங்கானபோது தற்கொலை விகிதம் இறங்கியது. அங்கே வேலையிழந்தோருக்கு உதவித்தொகை இருந்தது. தேசியத் தற்கொலைத் தடுப்புத் திட்டமும் நடந்துகொண்டிருந்தது. நம் சிங்கப்பூரின் தற்கொலைக் கணக்கும் நேர்கோட்டில் போகவில்லை. கொவிட்டால் பொருளாதாரம் சுருங்கிய 2020இல் 452 பேர். மீண்டெழுந்த 2021இல் 378 பேர். வளர்ச்சி தொடர்ந்த 2022இலோ 476 பேர்.

ஆகவே நாட்டின் வளர்ச்சி விகிதத்தைப் பார்த்து உங்கள் அண்ணனைக் கணிக்க முடியாது. சம்பளம் நின்றதோடு சேர்ந்து வருபவற்றைக் கவனியுங்கள்: கடன், தூக்கமின்மை, குடி, எல்லாவற்றுக்கும் மேலாக வெட்கம். “இப்போது எங்கே வேலை?” என்ற கேள்விக்கு அஞ்சியே உறவினர் வீட்டுத் திருமணத்தைத் தவிர்ப்பவர்கள் நம்மிடையே உண்டு. (சித்தப்பாக்கள் அந்தக் கேள்வியைச் சில மாதம் தள்ளிவைத்தால் ஒன்றும் குறைந்துவிடாது.) அவர் தம் பொருள்களைப் பிறருக்குக் கொடுக்கத் தொடங்கினாலோ, விடைபெறுவதுபோல் பேசினாலோ காத்திருக்க வேண்டாம்.

கடனுக்கு வழி இருக்கிறது. ‘கிரெடிட் கவுன்சலிங் சிங்கப்பூர்’ என்ற அறநிறுவனம், வங்கிக் கடன்களைத் தவணையில் அடைக்கத் திட்டம் வகுக்க உதவுகிறது. சட்டவிரோத வட்டிக்காரரிடம் போகுமுன் அங்கே அழைத்துச் செல்லுங்கள். 2025 ஏப்ரலில் தொடங்கிய ஸ்கில்ஸ்ஃபியூச்சர் வேலை தேடுவோர் ஆதரவுத் திட்டத்தில் ஆறு மாதங்களில் 6,000 வெள்ளி வரை கிடைக்கும். முன்பு வாங்கிய சராசரி மாதச் சம்பளம் 5,000 வெள்ளியைத் தாண்டியிருக்கக்கூடாது என்பது அதன் நிபந்தனைகளில் ஒன்று. விண்ணப்பத்தை நிரப்பும்போது பக்கத்தில் உட்காருங்கள். மனம் சோர்ந்தவருக்குப் படிவமே பெரிய மலை.

போலீஸ் வழக்காகிவிடுமோ என்று உதவி கேட்கத் தயங்கவும் வேண்டாம். 2020 ஜனவரி 1 முதல் தற்கொலை முயற்சி இங்கே குற்றமல்ல.