ஒரே மருந்தை அடித்த இருவரில் ஒருவருக்கு மட்டும் கை நடுங்குவது ஏன்?

பிசானப் பருவத்தில் தாமிரபரணிப் பாசன வயல்களில், முகத்தில் துண்டை மட்டும் கட்டிக்கொண்டு மருந்து அடித்துவிட்டு வரப்பேறும் இருவரில், ஒருவர் இயல்பாக இருக்க, மற்றவருக்குக் கண்மணி சுருங்கி, வாயில் எச்சில் ஊறி, கை நடுங்குவதுண்டு. மேலே பட்ட மருந்தின் அளவு முதற்காரணம். மரபணு வேறுபாடு இன்னொன்று.

குளோர்பைரிபாஸ் போன்ற ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிமருந்துகள் உடலுக்குள், பெரும்பாலும் கல்லீரலில், 'ஆக்சான்' எனும் கொடிய வடிவத்தைப் பெறுகின்றன. நரம்புச் செய்தி முடிந்ததும், அதைக் கடத்திய அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளை அகற்ற வேண்டிய நொதியை அது முடக்கிவிடுவதால், மூளையிலும் நரம்புகளிலும் அந்தச் செய்தி ஓயாமல் ஒலித்துக்கொண்டே இருக்கிறது. இரத்தத்தில் ஓடும் பாரக்சோனேஸ்-1 என்ற மற்றொரு நொதி, ஆக்சான் மூளையை எட்டுமுன் அதில் ஒரு பகுதியைச் சிதைக்கிறது. அந்த நொதியின் அளவும் வேகமும் ஆளுக்கு ஆள் மாறுவதற்கு அதன் மரபணுவில் உள்ள சிறு எழுத்து மாற்றங்கள் பெருங்காரணம். பச்சிளங்குழந்தைகளிடம் இந்நொதி மிகக் குறைவு என்பதால், மருந்து நனைந்த சட்டையோடு பிள்ளையைத் தூக்குவதே எனக்குப் பெருங்கவலை.

அடைமழை இரு வயல்களிலும் ஒரே அளவு பெய்தாலும், வடிகால் அகன்ற வயல் பிழைக்கிறது, குறுகியதில் பயிர் அழுகுகிறது. மருந்து அந்த மழை என்றால், பாரக்சோனேஸ்-1 அந்த வடிகால்.

"இதுவரை ஒன்றும் ஆகவில்லை, என் உடம்பு தாங்கும்" என்பது தவறான எண்ணம்; மருந்தின் அளவு மிகுந்தால் வேகமான நொதியும் ஈடுகொடுக்காது.