இரவு ஷிப்டும் தனி ஜெபமும்: ஒரு கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு,

ஸ்தோத்திரம். நான் கிருஷ்ணகிரியில் வசிக்கிறேன். லுத்தரன் சபையைச் சேர்ந்தவள். ஓசூர் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். வாரத்துக்கு ஒரு ஷிப்டு மாறும். காலை ஷிப்டு வாரத்தில் கம்பெனி பேருந்து விடியுமுன்பே வந்துவிடும்; இரவு ஷிப்டு வாரத்தில் நான் வீடு திரும்பும்போது மகன் பள்ளிக்குப் புறப்பட்டுக்கொண்டிருப்பான். கணவர் ஜூஸ் ஃபேக்டரியில் இருப்பதால், மாம்பழ சீசனில் அவர் எப்போது வருவார் என்று சொல்ல முடியாது.

அதிகாலை நான்கு மணிக்கு எழுந்து ஒரு மணி நேரம் ஜெபிப்பவர்களுடைய வாழ்க்கையே ஆசீர்வதிக்கப்படும் என்று கூட்டங்களில் கேட்டிருக்கிறேன். எனக்கு அது முடிவதில்லை. கிடைக்கிற பத்து நிமிடத்தில் அடுப்படியில் முழங்கால்படியிட்டால், நேற்றுச் சொன்னதையே இன்றும் சொல்கிறேன்; இரண்டாவது வாக்கியத்திலேயே மனம் எங்கோ போய்விடுகிறது. உடன் வேலை செய்யும், எலத்தகிரியைச் சேர்ந்த கத்தோலிக்கத் தோழி பேருந்தில் அமைதியாக ஜெபமாலை சொல்லிக்கொண்டு வருவதைப் பார்க்கும்போது எனக்கு ஏக்கமாக இருக்கும். ஆனால் மனப்பாடமாகச் சொல்வது ஜெபமல்ல, ஆவியானவர் தரும் சொந்த வார்த்தைகளில் ஜெபிப்பதே ஜெபம் என்று எங்களுக்குச் சொல்லப்பட்டிருக்கிறது.

கடந்த ஆண்டு என் தந்தை சிறுநீரகக் கோளாறால் மரித்தார். பல மாதங்கள் கண்ணீரோடு ஜெபித்தேன். வீட்டுக்கு ஜெபிக்க வந்த ஒருவர், விசுவாசம் குறைந்திருந்ததால்தான் ஜெபம் கேட்கப்படவில்லை என்றார். அதற்குப் பிறகு முழங்கால்படியிடவே தயக்கமாக இருக்கிறது. பலனுள்ள ஜெப வாழ்க்கை என்னைப் போன்றவர்களுக்கு எப்படி அமையும்?

இப்படிக்கு,
ஒரு வாசகி, கிருஷ்ணகிரி

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தின் கடைசிப் பத்திக்கே முதலில் பதில் சொல்ல விரும்புகிறேன். அந்தக் காயம் ஆறாமல், ஜெப நேரத்தைப் பற்றியும் முறையைப் பற்றியும் நான் எதைச் சொன்னாலும் அது உங்களுக்கு இன்னொரு சுமையாகவே தோன்றும்.

உங்கள் தந்தை மரித்தது உங்கள் விசுவாசக் குறைவினால் அல்ல. அப்படிச் சொன்னவர் நல்லெண்ணத்தோடேயே சொல்லியிருக்கலாம். ஆனாலும் அது வேதம் போதிப்பதல்ல, துக்கத்தில் இருப்பவரிடம் பேசத்தக்கதும் அல்ல. கெத்செமனே தோட்டத்தில் நம்முடைய ஆண்டவர் துன்பத்தின் பாத்திரம் தம்மைவிட்டு நீங்கும்படி வேண்டினார், அது நீங்கவில்லை. பவுல் தம் மாம்சத்திலிருந்த முள்ளுக்காக மூன்று தரம் வேண்டினார். கிருபை போதும் என்ற பதில் வந்ததேயன்றி முள் எடுக்கப்படவில்லை. இவ்விருவரிடத்திலும் விசுவாசம் குறைந்திருந்தது என்று சொல்ல யாருக்கும் நா எழாது.

பலனுள்ள ஜெபம் என்றதும் நம் சபைகளில் எல்லாரும் எடுத்துக்காட்டுவது யாக்கோபு 5:16ஐ. "நீதிமான் செய்யும் ஊக்கமான வேண்டுதல் மிகவும் பெலனுள்ளதாயிருக்கிறது" என்னும் அந்த வசனத்தை வாசிப்பவர்கள் பெரும்பாலும் அடுத்த வசனத்தின் முதல் பாதியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். தீர்க்கதரிசியான எலியா நம்மைப் போலப் பாடுள்ள மனுஷன் என்று சொல்லிய பிறகே, அவர் ஜெபித்தபோது மழை நின்றதையும் மறுபடியும் பெய்ததையும் யாக்கோபு எழுதுகிறார். அந்தப் பாடு எத்தகையது என்பதை 1 இராஜாக்கள் 19ஆம் அதிகாரத்தில் காணலாம். தம்மைக் கொல்லத் தேடிய ராணி யேசபேலுக்குப் பயந்து ஓடிய எலியா வனாந்தரத்தில் ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, தமது உயிரை எடுத்துக்கொள்ளும்படி கர்த்தரிடம் கேட்கிறார். பலனுள்ள ஜெபத்துக்கு வேதம் காட்டும் மாதிரி மனிதரின் அந்த ஜெபம் நிறைவேற்றப்படவே இல்லை. அதற்காக அவர் கண்டிக்கப்படவும் இல்லை. தூங்க விடப்பட்டார்; எழுப்பப்பட்டபோது தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் தலைமாட்டில் இருந்தன; சாப்பிட்டு மறுபடியும் தூங்கினார்; மறுபடியும் எழுப்பப்பட்டுச் சாப்பிட்டார். கர்த்தர் அவரோடு பேசியது அதற்கும் பல நாட்கள் கழித்தே. இரவு ஷிப்டு முடிந்து வந்து, தூக்கத்துக்கும் ஜெபத்துக்கும் நடுவே எதைத் தேர்ந்தெடுப்பது என்று குற்ற உணர்வோடு தவிக்கும் ஒருவர் இந்த அதிகாரத்தைத் திரும்பத் திரும்ப வாசிக்க வேண்டும் என்பது என் எண்ணம். களைத்த உடலுக்குத் தேவன் கொடுத்த முதல் பதில் உணவும் உறக்கமுமாக இருந்தது.

இனி, உங்கள் ஜெபம் வறண்டுபோனதன் காரணத்துக்கு வருகிறேன். விசுவாசக் குறைவோ நேரக்குறைவோ அதற்குக் காரணமென்று நான் நினைக்கவில்லை. நாள் முழுவதும் உழைத்துச் சோர்ந்த ஒருவர், துக்கத்தையும் சுமந்துகொண்டு, ஒவ்வொரு நாளும் புதிய சொற்களைத் தம் உள்ளத்திலிருந்தே எடுத்துத் தேவனுக்கு முன் வைக்க வேண்டும் என்று எதிர்பார்க்கப்படுகிறார். சொற்கள் தீர்ந்துபோவது இயல்பு. தீர்ந்துபோனவருக்குத் திருச்சபை எப்போதும் சொற்களைக் கொடுத்தே வந்திருக்கிறது. சொந்த வார்த்தைகளில் ஜெபிப்பதை நான் குறைத்துப் பேசவில்லை. அது ஒரு பெரிய சுயாதீனம். ஆனால் அது கொடுக்கப்பட்ட வார்த்தைகளிலிருந்து கிளைத்து வருவது. அவற்றை விலக்கிவிட்டு அது நெடுநாள் பசுமையாக இருப்பதில்லை. நான் உங்களுக்குச் சொல்ல விரும்புவதன் சாரம் இதுவே.

மனப்பாடமாகச் சொல்வது ஜெபமல்ல என்பதற்கு ஆதாரமாகக் காட்டப்படும் வசனம் மத்தேயு 6:7. அஞ்ஞானிகளைப் போல வீண்வார்த்தைகளை அலப்ப வேண்டாம் என்று அங்கே சொல்லப்படுகிறது. அதே வசனம் காரணத்தையும் சொல்கிறது: அதிகமாகப் பேசுவதால் தங்கள் ஜெபம் கேட்கப்படும் என்று அவர்கள் நினைக்கிறார்கள். அதாவது, கண்டிக்கப்படுவது அளவின் மேல் வைக்கும் நம்பிக்கை. கொடுக்கப்பட்ட சொற்கள் கண்டிக்கப்பட்டிருந்தால், ஒன்பதாம் வசனத்திலேயே ஆண்டவர் தாமே சொற்களைக் கொடுத்து, இவ்விதமாய் ஜெபியுங்கள் என்று பரமண்டல ஜெபத்தைக் கற்பித்திருக்க மாட்டார். ஆதித் திருச்சபையின் மிகப் பழைய ஒழுங்கு நூல்களில் ஒன்று, இந்த ஜெபத்தை நாளுக்கு மூன்று முறை சொல்லும்படி விசுவாசிகளுக்குச் சொல்கிறது.

சிலுவையை நினைத்துப் பாருங்கள். கைவிடப்பட்டதாக ஆண்டவர் கூப்பிட்டது 22ஆம் சங்கீதத்தின் முதல் வசனம்; ஆவியைப் பிதாவின் கைகளில் ஒப்புவித்தது 31ஆம் சங்கீதத்தின் ஐந்தாம் வசனம். வேதனையின் உச்சத்தில் தேவகுமாரனே, முன்னோர்கள் ஜெபித்த சொற்களை எடுத்து ஜெபித்தார். கெத்செமனேயில் மூன்றாம் தரமும் அந்த வார்த்தைகளையே சொல்லி ஜெபித்தார் என்று மத்தேயு குறித்துவைத்திருக்கிறார். நேற்றுச் சொன்னதையே இன்றும் சொல்கிறேன் என்று நீங்கள் வருந்துவதற்கு இதைவிட வேறு ஆறுதல் எனக்குத் தெரியவில்லை.

உங்கள் சபையின் வரலாற்றிலேயே இதற்கு நல்ல துணை இருக்கிறது. 1895இல் கிருஷ்ணகிரியில் தொடங்கிய மிசௌரி லுத்தரன் மிஷனின் வழியில் வந்த சபைகளில், திடப்படுத்தலுக்கு ஆயத்தமாகும் பிள்ளைகள், சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் வினாவிடையாக எழுதிய சிறிய ஞானோபதேசத்தைப் படிக்கிறார்கள். நீங்களும் படித்திருப்பீர்கள். 1529இல் எழுதப்பட்ட அந்த நூலில் காலையிலும் இரவிலும் செய்ய வேண்டிய ஜெபத்துக்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது: விசுவாசப் பிரமாணம், பரமண்டல ஜெபம், அதன்பின் சில வரிகளே கொண்ட ஒரு சிறிய ஜெபம். அது முடிந்ததும், காலையானால் சந்தோஷத்தோடு வேலைக்குப் போகும்படியும், இரவானால் உடனே நிம்மதியாகத் தூங்கும்படியும் லூத்தர் சொல்கிறார். எல்லாம் சேர்த்து ஐந்து நிமிடம் ஆகும். இதைச் சிறுபிள்ளைகளின் பாடம் என்று நாம் ஒதுக்கிவிட்டது பெரிய இழப்பு.

அதே லூத்தரிடம், தமக்கு முடிதிருத்தும் பேதுரு என்பவர் எப்படி ஜெபிப்பது என்று கேட்டார். 1535இல் லூத்தர் அவருக்கு நீண்ட கடிதம் ஒன்றைப் பதிலாக எழுதினார். வேலை செய்து பிழைக்கும் ஒருவருக்கு எழுதப்பட்டது என்பதால் அது உங்களுக்கும் பொருந்தும். நாளின் முதல் வேலையாகவும் கடைசி வேலையாகவும் ஜெபம் இருக்கட்டும் என்றும், இதோ இந்த ஒரு வேலையை முடித்துவிட்டு ஒரு மணி நேரத்தில் ஜெபிக்கிறேன் என்னும் எண்ணத்துக்கு இடங்கொடுக்கக் கூடாது என்றும் அதில் எச்சரிக்கிறார். நல்ல முடிதிருத்துநர் தம் கவனத்தைக் கத்தியின் மேலும் முடியின் மேலும் வைக்க வேண்டும், பேச்சில் மனத்தைச் செலுத்தினால் எதிரிலிருப்பவரின் மூக்கையோ கழுத்தையோ அறுத்துவிடுவார் என்று பேதுருவின் தொழிலிலிருந்தே சிதறாத மனத்துக்கு உதாரணம் காட்டுகிறார். பரமண்டல ஜெபத்தை ஒரே மூச்சில் ஓட்டாமல், ஒவ்வொரு விண்ணப்பமாக எடுத்து, அதை உங்கள் சூழ்நிலைக்கு விரித்துச் சொல்ல வேண்டும். ஏதாவது ஒரு விண்ணப்பத்தில் உள்ளம் நிறைந்துவிட்டால் மற்றவற்றை அன்றைக்கு விட்டுவிட்டு அங்கேயே மௌனமாகத் தங்கிக் கேட்க வேண்டும், ஏனென்றால் அங்கே பேசுகிறவர் பரிசுத்த ஆவியானவர் என்பது அவருடைய ஆலோசனை. கொடுக்கப்பட்ட வார்த்தைகளுக்கும் ஆவியானவருக்கும் பகை என்று உங்களிடம் சொன்னவர்களுக்கு இதைவிடத் தெளிவான பதில் இல்லை.

அந்தப் பேதுருவின் வாழ்க்கை நேராகிவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அதே ஆண்டு ஈஸ்டரை ஒட்டிக் குடிபோதையில் அவர் தம் மருமகனைக் கத்தியால் குத்திக் கொன்றுவிட்டார். லூத்தர் அவருக்காகப் பரிந்து பேசினார். மரண தண்டனைக்குப் பதிலாக அவர் நாடு கடத்தப்பட்டார். ஜெபிக்கக் கற்றுக்கொண்டவரின் வாழ்க்கை ஆசீர்வாதத்தின் விளம்பரமாக மாறிவிடும் என்று கூட்டங்களில் சொல்லப்படும்போதெல்லாம் நான் இவரை நினைத்துக்கொள்கிறேன். அவ்வளவு பெரிய குற்றத்துக்குப் பிறகும் ஒரு மனிதனுக்குச் சொல்ல மிஞ்சியிருப்பவை "எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்" போன்ற, ஏற்கெனவே கற்றுவைத்த சொற்களாகத்தான் இருக்க முடியும்.

நேரத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆண்டவர் அதிகாலையில் இருட்டோடே எழுந்து ஜெபித்ததை மாற்கு 1:35இல் வாசிக்கிறோம்; இரவு முழுவதும் ஜெபித்ததை லூக்கா 6:12இல் வாசிக்கிறோம்; தானியேல் நாளுக்கு மூன்று வேளை ஜெபித்தார். நான்கு மணி என்பது எங்கும் கட்டளையாக இல்லை. உங்கள் ஷிப்டு மாறுவதால் கடிகாரத்தோடு ஜெபத்தைக் கட்டாதீர்கள். எந்த ஷிப்டிலும் மாறாத இரண்டு செயல்களோடு கட்டுங்கள். எழுந்து முகம் கழுவியபின் ஒன்று, படுக்குமுன் ஒன்று. இரவு ஷிப்டு வாரத்தில் உங்கள் காலை என்பது பிற்பகலாக இருக்கும். அதில் குறை எதுவும் இல்லை. மூன்றே வசனங்கள் கொண்ட 134ஆம் சங்கீதம், இராக்காலங்களில் ஆலயத்தில் நிற்கும் ஊழியக்காரரை நோக்கிப் பாடப்பட்டது. இரவில் கண்விழித்து வேலை செய்பவருக்கு வேதத்தில் இப்படி ஒரு சங்கீதம் இருப்பது எனக்கு எப்போதும் மகிழ்ச்சி தருகிறது. அதை மனப்பாடம் செய்துகொண்டால், பேருந்தில் போகும்போது புத்தகம் தேவைப்படாது.

பேருந்துப் பயணத்தை வீண் நேரம் என்று எண்ண வேண்டாம். உங்கள் தோழியின் ஜெபமாலை அவருடைய சபையின் மரபு. அதை நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் உங்களுக்கு ஏற்பட்ட ஏக்கம் சரியானது. கைக்கு எட்டும் தூரத்தில் சொற்கள் ஆயத்தமாக இருப்பதன் நிம்மதியைத்தான் நீங்கள் அவரிடம் கண்டீர்கள். உங்களுக்குச் சங்கீதங்கள் இருக்கின்றன. நாளுக்கு ஒன்று என்று வரிசையாக வாசித்தால் ஆறு மாதங்களுக்குள் நூற்றைம்பதும் முடியும். 176 வசனங்கள் கொண்ட 119ஆம் சங்கீதம் மட்டும் எட்டெட்டு வசனங்களாக 22 பகுதிகளாகப் பிரிந்திருப்பதால் அதை அந்த அளவிலேயே எடுத்துக்கொள்ளுங்கள். அன்றைய உங்கள் மனநிலைக்கு ஒத்ததைத் தேடிப் புரட்டாதீர்கள். வரிசையில் வருவதை ஜெபியுங்கள்; உங்களுக்கு மகிழ்ச்சி இல்லாத நாளில் துதியின் சங்கீதம் வந்தால், மகிழ்ச்சியாக இருக்கும் யாரோ ஒருவருக்காக அதைச் சொல்லுங்கள். கைபேசியில் வந்து குவியும் வாக்குத்தத்த அட்டைகளை இதற்கு ஈடாக எண்ண வேண்டாம். அவற்றில் இனிய வசனங்கள் மட்டுமே வரும். 13ஆம் சங்கீதம், எதுவரைக்கும் என்று முதல் இரண்டு வசனங்களில் நான்கு முறை கர்த்தரைக் கேட்கிறது. 88ஆம் சங்கீதம் ஆறுதல் எதுவுமின்றி இருளிலேயே முடிகிறது. தந்தையை இழந்த உங்களுக்கு இவ்விரண்டும் தேவை. இவற்றை எந்த அட்டையிலும் நான் பார்த்ததில்லை.

மனம் அலைவதற்காக மன்றாடி மன்னிப்புக் கேட்பதிலேயே பத்து நிமிடத்தையும் செலவழிக்க வேண்டாம். அலைந்தது தெரிந்தவுடன், விட்ட வரிக்குத் திரும்புங்கள். மெல்லிய குரலில் உதடு அசையச் சொல்வது உதவும். சாமுவேலின் தாய் அன்னாள் சத்தம் கேட்காமல் உதடு மட்டும் அசைய ஜெபித்தாள், பார்த்துக்கொண்டிருந்த ஆசாரியன் ஏலி அவள் குடித்து வெறித்திருக்கிறாள் என்று நினைத்தார். அலையும் மனம் திரும்பத் திரும்ப ஒரே இடத்துக்குப் போகுமானால், அந்தக் கவலையையே விண்ணப்பமாக்கிவிடுங்கள். மகனின் பள்ளிக் கட்டணம் குறுக்கே வந்தால் அது அன்றன்றுள்ள அப்பத்துக்கான விண்ணப்பத்தில் சேரும்.

மற்றவர்களுக்காக ஜெபிக்கும் நீண்ட பட்டியலை வாரத்தின் ஏழு நாட்களுக்குப் பிரித்துக்கொள்ளுங்கள். எல்லாப் பெயரையும் எல்லா நாளும் சொல்லித் தீர்க்க வேண்டும் என்ற அவசரமே உங்கள் பத்து நிமிடத்தை விழுங்கிவிடுகிறது. உங்கள் தந்தையின் பெயர் அந்தப் பட்டியலில் இருந்த இடம் வெறுமையாக இருப்பது உங்களை வருத்துமானால், அந்த இடத்தில் அவருக்காக ஒரு நன்றியை எழுதிவையுங்கள்.

குடும்ப ஜெபத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் கணவரைப் பற்றி எழுதியிருப்பதால் ஒன்று சொல்கிறேன். மாம்பழ சீசன் முடியும் வரை அவரிடம் எதையும் எதிர்பார்க்காதீர்கள். நீங்கள் மூவரும் விழித்திருக்கும் ஏதாவது ஒரு வேளையில், அது ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்கு முன்பாக இருந்தாலும் சரி, பரமண்டல ஜெபத்தை மட்டும் சேர்ந்து நிதானமாகச் சொல்லுங்கள். உங்கள் மகனுக்கு அது ஏற்கெனவே தெரிந்திருக்கும். அவனையே தொடங்கச் சொல்லுங்கள்.

அன்புடன்,
தருமபுரி