ஊருக்கு யானை வேலி: கம்பி வாங்குவதற்கு முன்

வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "வவுனியா வடக்கிலுள்ள எங்கள் ஊரில் ஒவ்வொரு பெரும்போகத்திலும் யானை இறங்கி வயலை அழிக்கிறது. கொழும்பில் இருக்கும் ஊர்க்காரர் சேர்ந்து காசு திரட்டியிருக்கிறோம். காட்டோரமாக மின்வேலி போட்டுக் கொடுக்கலாம் என்று எண்ணம். என்னென்ன வாங்க வேண்டும்? எத்தனை வருடம் நிற்கும்?"

முதலில் "காட்டோரமாக" என்பதை விட்டுவிடுங்கள். இலங்கையின் நிலப்பரப்பில் ஏறத்தாழ 60 சதவீதத்தில் யானை திரிகிறது. அதில் சுமார் 70 சதவீதத்தில் மனிதரும் குடியிருக்கிறார்கள். காட்டின் எல்லை என்பது வரைபடத்திலுள்ள கோடு. அங்கே வேலி போட்டால் இருபக்கமும் யானை நிற்கும். அதோடு அந்த வேலி ஊரிலிருந்து மைல் கணக்கில் தள்ளி இருக்கும். பற்றை ஏறினாலும் கட்டை சாய்ந்தாலும் பார்க்க ஆளில்லை. 2020இல் கலாநிதி பிரித்திவிராஜ் பெர்னாண்டோ தலைமையிலான குழு மனித-யானை மோதலைக் குறைக்கத் தயாரித்த தேசியச் செயற்றிட்டம் வேறு வழியைச் சொல்கிறது: குடியிருப்பைச் சுற்றி நிரந்தரமாக ஊர்வேலி, வயலைச் சுற்றிப் போகத்துக்கு மட்டும் வயல்வேலி. இரண்டையும் பராமரிப்பது ஊர்ச்சனம். குருநாகல் மாவட்டத்தில் கல்கமுவப் பக்கத்துக் கிராமங்களில் இந்த முறை அதற்கு முன்பே நடைமுறைக்கு வந்துவிட்டது.

எனவே காசை வைத்துக்கொண்டு கடைக்குப் போகாமல் முதலில் கமக்காரர் அமைப்பிடம் போங்கள். 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் பதிவான அமைப்பென்றால் வங்கிக் கணக்கும் கூட்டப் பதிவும் இருக்கும். வேலி அவர்கள் பெயரில் இருக்க வேண்டும், உங்கள் சங்கத்தின் பெயரில் அல்ல. முழுச் செலவையும் நீங்களே ஏற்பதும் நல்லதல்ல. கட்டை, கூலி, துப்புரவு ஆகியவை ஊரின் பங்காகவும், எனர்ஜைசர் (கம்பிக்கு மின்துடிப்பு அனுப்பும் கருவி), பற்றரி, சோலார் பனல், கம்பி ஆகியவை உங்கள் பங்காகவும் இருக்கட்டும். இனாமாக வந்த வேலி பழுதானால் "கொழும்புக்காரர் வந்து பார்ப்பார்கள்" என்றுதான் பேச்சு வரும்.

பராமரிப்பை ஏக்கர் கணக்கில் பிரியுங்கள். உதாரணமாக, 6 கிலோமீற்றர் வேலி, 60 குடும்பம் என்றால் சராசரி ஒருவருக்கு 100 மீற்றர். கூடிய வயல் உள்ளவருக்குக் கூடிய நீளம். கட்டைகளுக்கு இலக்கமிட்டு, யாருக்கு எந்த இலக்கம் என்று கூட்டத்தில் எழுதி ஒப்பமிட வேண்டும். ஒரு போகத்துக்கு ஏக்கருக்கு இவ்வளவு என்று பணமும் சேர்க்க வேண்டும். விதைப்புக்கு முன்பே வாங்கிவிடுவது உத்தமம். அறுவடைக்குப் பிறகு கேட்டால் கடன்காரர் வரிசையில் நீங்கள் கடைசி ஆள்.

கோடு போடும்போது குளத்தை நினைவில் வையுங்கள். யானை தண்ணீருக்கு வரும் வழியை மறித்தால் எவ்வளவு நல்ல வேலியும் உடையும். வயலை மட்டும் வளைத்து, குளத்துக்கும் காட்டுக்கும் இடையிலுள்ள நிலத்தை வெளியே விடுங்கள். வேலிக்கு வெளிப்புறம் 10 அடி அகலத்துக்கு வெளியாக்குங்கள். கம்பியில் தள்ளிவிழுத்தக்கூடிய மெல்லிய மரங்கள் பக்கத்தில் நிற்கக் கூடாது. தனியன் யானைக்கு அந்த வித்தை நன்றாகத் தெரியும்.

வயல்வேலிக்கு 2.5 மில்லிமீற்றர் கல்வனைஸ் கம்பி இரண்டு வரி போதும்: ஒன்று தரையிலிருந்து 3 அடியில், மற்றது 5 அடியில். கீழ்க்கம்பியைத் தாழ்த்தினால் புல் தொட்டு மின்சாரம் கசியும். உயரத்தில் இருந்தால் நாயும் கன்றும் கீழால் போய்வரும். கட்டைகளுக்கிடையே 30 முதல் 35 அடி இடைவெளி. முள்ளுக்கம்பிக்கு மின்சாரம் கொடுக்கவே கூடாது, சிக்கிய ஆள் விடுபட முடியாது. நம் நாட்டு ஆண் யானைகளில் பத்தில் ஒன்றுக்குக்கூடக் கொம்பில்லை. அதனால் இங்கே அலியன், அதாவது கொம்பில்லாத ஆண் யானை, கம்பியைவிடக் கட்டையைத்தான் குறிவைக்கும், காலால் மிதித்துச் சாய்க்கும். கம்பியைக் கட்டையின் வெளிப்பக்கத்தில் கட்டுங்கள். ஊர்வேலியில் கட்டைக்கு முன்னால் ஒரு முழம் துருத்திக்கொண்டு நிற்கும் மின்கம்பித் துண்டும் வைத்தால் கட்டையைத் தொடுமுன் அடி விழும். கம்பியைக் கட்டையில் மின்சாரம் கசியாமல் பிடிக்கும் இன்சுலேற்றர் மலிவான பிளாஸ்ரிக் என்றால் வெயிலில் வெடித்துவிடும். மிச்சம் பிடிப்பதென்றால் வேறெதிலாவது பிடியுங்கள்.

இனி, பெரும்பாலான வேலிகள் தோற்கும் இடம்: ஏர்த், அதாவது எனர்ஜைசரை நிலத்தோடு இணைக்கும் தொடுப்பு. எனர்ஜைசர் ஒன்றரைச் செக்கனுக்கு ஒருமுறை, கண்ணிமைக்கும் நேரத்திலும் மிகக் குறைந்த நேரத்துக்கு, பல ஆயிரம் வோல்ற் துடிப்பை அனுப்புகிறது. அது கம்பி, யானையின் உடம்பு, நிலம், ஏர்த் கம்பி என்று சுற்றித் திரும்பினால்தான் அடி விழும். நிலம் காய்ந்தால் சுற்று அறுந்துவிடும். ஆறடிக்குக் குறையாத கல்வனைஸ் குழாய் மூன்றை ஒன்றுக்கொன்று 10 அடி தள்ளி, ஈரம் நிற்கும் இடத்தில் முழுதாக அடித்து இறக்குங்கள். வீட்டு மின்சார ஏர்த்திலிருந்து குறைந்தது 10 மீற்றர் விலகி இருக்க வேண்டும். சோதிக்கும் விதம்: எனர்ஜைசரை நிறுத்தி, அதிலிருந்து 100 மீற்றர் தள்ளி இரும்புக் குழாய்கள் சிலவற்றைக் கம்பிக்கும் நிலத்துக்குமாகச் சாத்தி, மீண்டும் போட்டு வோல்ற்றை 2,000க்குக் கீழே விழவையுங்கள். இப்போது ஏர்த் குழாயில் வோல்ற் மீற்றரை வையுங்கள். 300 வோல்ற்றுக்கு மேல் காட்டினால் ஏர்த் போதாது, இன்னொரு குழாய் இறக்குங்கள். சிறுபோகத்திலும் வேலி போடும் ஊரென்றால் ஆவணி வெயிலில் தரை ஓடு போலாகிவிடும். யானையின் உள்ளங்காலும் தடிப்பானது. அப்போது இரண்டு மின்கம்பிகளுக்கும் நடுவே ஏர்த்தோடு இணைத்த மூன்றாவது கம்பி ஒன்று இழுத்தால், இரண்டையும் ஒருங்கே தொடும் யானைக்கு நிலத்தின் தயவில்லாமலே அடி விழும்.

பஞ்சிகாவத்தைப் பக்கம் மலிவாகக் கிடைக்கிறதென்று கார் பற்றரி வாங்கி அனுப்பாதீர்கள். அது எஞ்சினைக் கிளப்பச் செய்தது. இரவு முழுக்கச் சிறிது சிறிதாக வடித்தால் ஒரு போகம் தாங்காது. ஆழமாக வடிக்கக்கூடிய டீப் சைக்கிள் பற்றரிதான் வேண்டும். கணக்கு எளிது. எனர்ஜைசர் அரை அம்பியர் இழுத்தால் 24 மணிக்கு 12 அம்பியர்மணி. மார்கழி மழையில் மூன்று நாள் வெயில் இல்லாவிட்டாலும் ஓட 36 அம்பியர்மணி. பற்றரியைப் பாதிக்கு மேல் வடிக்கக் கூடாது என்பதால் 72, ஆகவே 75 முதல் 80 வரை. பனல் 60 வாற். பெரும்போகக் கதிர் முற்றுவதும் வானம் மூடிக் கிடப்பதும் ஒரே காலம் என்பதால் இதில் குறைக்க வேண்டாம். பனலோடு சார்ஜ் கொன்ரோலரும் இடி தாங்கியும் வாங்குங்கள். ஒரே கம்பிக்கு இரண்டு எனர்ஜைசர் கொடுக்கக் கூடாது. இரண்டு தனி வேலிகள் அருகருகே வந்தால் 2.5 மீற்றராவது இடைவெளி விடுங்கள்.

தினசரி வேலை இதுதான்: பின்னேரம் நான்கு மணியளவில் அன்றைய முறைக்குரியவர் வேலியின் கடைசி முனையில் வோல்ற் பார்த்துக் கொப்பியில் எழுத வேண்டும். 6,000க்கு மேலென்றால் சரி. 4,000க்குக் கீழே போனால் இருட்டுமுன் நடந்து காரணம் தேட வேண்டும்: புல், விழுந்த கிளை, வெடித்த இன்சுலேற்றர், முறுக்கிக் கட்டிய இணைப்பில் துரு. முறுக்காமல் கிளாம்ப் போட்டு இணைத்தால் கடைசிக் காரணம் வராது. விதைத்த நாளிலேயே வேலி ஓட வேண்டும். கதிர் வெளிவருமுன்னான குடலைப் பருவத்தில் யானை ருசி கண்ட பிறகு போட்டால், அது வேலியைச் சோதிக்க மறுபடி மறுபடி வரும். பகலிலும் நிறுத்த வேண்டாம், செத்த கம்பியை ஒருமுறை தாண்டிய யானை அதை மறக்காது.

மாசி, பங்குனியில் அறுவடை முடிந்ததும் வயல்வேலியைக் கழற்றிச் சுருட்டிக் களஞ்சியத்தில் வையுங்கள். பலர் ஒத்துக்கொள்ளத் தயங்கும் விடயம் இது. அரிதாளும் தரிசுப் புல்லும் யானைக்கு நல்ல தீன். அதைத் தின்ன விட்டால் கோடையில் பசியோடு வீட்டுச் சுவரை இடிக்க வருவது குறையும். இந்த மாதங்களில் நெல் மூட்டை வீட்டுக்குள் இருப்பதால் ஊர்வேலி மட்டும் தொடர்ந்து ஓட வேண்டும்.

அனுமதிக்குக் கிராம அலுவலர், பிரதேச செயலகம், பிராந்திய வனஜீவராசிகள் அலுவலகம் மூன்றுக்கும் கமக்காரர் அமைப்பின் கடிதம் போகட்டும். கோடு ஒதுக்கக் காட்டைத் தொட்டால் வன பாதுகாப்புத் திணைக்களத்தின் இசைவு எழுத்தில் வேண்டும். இரு திணைக்களங்களின் தலைமையகங்களும் பத்தரமுல்லையில்தான் இருக்கின்றன. கடிதத்தின் பிரதியைக் கொண்டுபோய்க் கொடுத்து, முத்திரையிட்ட நகலோடு திரும்புவது கொழும்பில் இருக்கும் நீங்கள் செய்யக்கூடிய நல்ல வேலை. பாதை கடக்கும் இடங்களில் மும்மொழியிலும் எச்சரிக்கைப் பலகை தொங்க வேண்டும். வீட்டு 230 வோல்ற் மின்சாரத்தை நேரே கம்பிக்குக் கொடுக்கும் பழக்கம் ஊரில் யாரிடமாவது இருந்தால் கூட்டத்திலேயே பேசி நிறுத்துங்கள். அது தொடர் மின்சாரம், பிடித்த ஆளை விடாது. யானையோடு அயலவனும் சாவான், சிறைக்கும் போக நேரும்.

தேனீப் பெட்டி, தோடை மரம் பற்றியும் கேட்பார்கள். பெட்டி வேலி ஆபிரிக்கத் தேனீயை நம்பி வந்த முறை, இங்குள்ள தேனீ அவ்வளவு சீற்றம் கொண்டதல்ல. தோடையை யானை விரும்பித் தின்னாது என்பதால் வருமானப் பயிராக நடலாம், நெல்லுக்குக் காவலாக நம்ப வேண்டாம்.

காசு மிஞ்சினால் வேலியை நீட்டாதீர்கள். இன்னொரு எனர்ஜைசர், வோல்ற் பார்க்கும் மீற்றர் இரண்டு, ஒரு சுருள் கம்பி, நூறு இன்சுலேற்றர் வாங்கி அமைப்பின் களஞ்சியத்தில் பூட்டி வையுங்கள். இடி விழுந்து எனர்ஜைசர் எரிந்துபோனால் அன்று மாலைக்குள் மாற்ற வேண்டியிருக்கும்.