கறுப்பினப் பிள்ளைகள் ஆப்பிரிக்கா போய்வர உதவ விரும்புகிறேன். பணம் கொடுத்தால் போதுமா?

பணம் கட்டாயம் வேண்டும். ஆனால் விமான டிக்கெட்டுக்குப் பணம் தர எப்படியோ ஆள் கிடைத்துவிடுகிறார்கள். பாஸ்போர்ட் எடுக்கக் கூடவே அலைய ஆள் கிடைப்பதுதான் கஷ்டம்.

அமெரிக்காவின் பால்டிமோரில் எங்கள் பகுதிச் சமூகக் கூடத்தில் சனிக்கிழமைதோறும் கணக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறேன். 2023 கோடையில் அங்கிருந்து 11 ஆப்பிரிக்க அமெரிக்கப் பிள்ளைகளைக் கானாவுக்கு அழைத்துப் போனோம். அதுவரை அவர்களில் யாரிடமும் பாஸ்போர்ட் இருந்ததில்லை.

அதில் 15 வயதுப் பையன் ஒருவனை வளர்ப்பது அவன் பாட்டி. 16 வயதுக்குக் கீழே என்றால் பாஸ்போர்ட்டுக்கு அப்பா, அம்மா இருவரும் நேரில் வர வேண்டும். வர முடியாதவர் நோட்டரி முன் கையெழுத்திட்ட சம்மதக் கடிதம் தர வேண்டும். பாட்டிதான் பாதுகாவலர் என்றால் நீதிமன்ற உத்தரவின் சான்றிட்ட நகல் தேவை. அந்த நகல் கைக்கு வர ஐந்து வாரம் ஆனது. அவர் துப்புரவு வேலை செய்கிறவர். ஒவ்வொரு முறை அலுவலகம் போய்வருவதற்கும் ஒரு நாள் சம்பளம் போகும். மூன்றாவது முறை நான் காரில் கூட்டிப்போனேன். காகிதங்கள் இருந்த பிளாஸ்டிக் உறையை மடியில் வைத்து, வழி நெடுக ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டே வந்தார்.

ஆகவே பணம் கொடுத்தால் இதற்கென்று சொல்லிக் கொடுங்கள். பாஸ்போர்ட் கட்டணம் 16 வயதுக்குக் குறைந்தவருக்கு இப்போது 135 டாலர், மற்றவருக்கு 165. அப்புறம் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. அதன் சான்றிதழ் இல்லாமல் கானாவுக்குள் விடமாட்டார்கள். ஊசி போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் அது செல்லும். எல்லா கிளினிக்கிலும் போடுவதில்லை, காப்பீட்டில் வருமா என்பதையும் முன்பே கேட்டுவிடுங்கள்.

புறப்படுவதற்கு முன் சில வாரங்களாவது உட்கார்ந்து பேச வேண்டும். குலதெய்வம் கோயில் எங்கே என்று கேட்டால் நம்மில் பலருக்கும் ஓர் ஊரின் பெயர் வாயில் வரும். இந்தப் பிள்ளைகள் வம்சத்தைத் தேடிப் போனால் பெரும்பாலும் 1870-இல் முட்டி நிற்பார்கள். அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கில் கறுப்பினத்தவர் பெரும்பாலானோரைப் பெயரோடு எழுதியது அந்த ஆண்டில்தான். 1850, 1860 கணக்குகளில் அடிமைகளின் வயதும் பாலினமும் நிறமும் முதலாளி பெயரின் கீழ் இருக்கும், பெயர் இருக்காது. அப்படி ஒரு பக்கத்தைக் காட்டியபோது அந்தப் பையன் வரிசையாக விரலை வைத்து, தன் வயதுக்காரர்கள் எத்தனை பேர் என்று எண்ணினான்.

ஒன்றை நாங்கள் சொல்ல மறந்துவிட்டோம். கானாவில் வெளிநாட்டுக்காரர்களை 'ஒப்ரோனி' என்பார்கள். அமெரிக்காவிலிருந்து வரும் கறுப்பினத்தவரையும் சில சமயம் அப்படியே கூப்பிடுவார்கள். அக்ராவின் மக்கோலா சந்தையில் சிறுவர்கள் கூப்பிட்டதற்கு அர்த்தம் தெரிந்ததும் எங்கள் பெண் ஒருத்தி அன்றிரவு சாப்பிடவில்லை. இங்கேயும் நான் அந்நியம்தானா என்று கேட்டாள். முன்பே சொல்லியிருந்தால் அவ்வளவு வலித்திருக்காது.

அடிமைகளைக் கப்பலேற்றும்வரை அடைத்து வைத்த கேப் கோஸ்ட் கோட்டைக்குப் போவதற்கு முன் அசின் மான்சோ என்ற ஊரில் ஆற்றில் இறங்கினோம். உள்நாட்டிலிருந்து நடத்திக் கொண்டுவரப்பட்டவர்களைக் கடைசியாகக் குளிக்க வைத்த இடம் அது. கோட்டையில் ஆண்களை அடைத்த நிலவறைக்கு மேலேயே வெள்ளைக்காரர்களின் தேவாலயம் இருந்தது. அதைக் கேட்டதும் பிள்ளைகள் ஒருசேரக் கூரையை அண்ணாந்து பார்த்தார்கள். கடலைப் பார்த்த கதவுக்கு 'திரும்பி வர முடியாத வாசல்' என்று பெயர். வெளியே காலெடுத்து வைத்தால் மீனவர்கள் வலை பின்னிக்கொண்டிருக்கிறார்கள். உள்ளே திரும்பும்போது அதே கதவின் மறுபக்கம் 'திரும்பி வரும் வாசல்' என்ற பலகை. 1998-இல் அமெரிக்காவிலிருந்தும் ஜமைக்காவிலிருந்தும் அடிமையாக இருந்த இருவரின் எச்சங்களை அந்த வழியாகவே கொண்டுவந்து அசின் மான்சோவில் புதைத்தார்கள்.

அதற்குப் பிறகு அன்று எந்த நிகழ்ச்சியும் வைக்காதீர்கள். பிள்ளைகள் பேசாமல் இருக்கட்டும். அழுகிற பிள்ளையைப் படம் எடுத்து நன்கொடையாளர்களுக்கு அனுப்பவே கூடாது. இதில் நான் பிடிவாதமாக இருப்பேன்.

கோட்டையையும் கல்லறையையும் மட்டும் காட்டிவிட்டுத் திரும்பவும் வேண்டாம். ஓர் ஊரில் எங்கள் பிள்ளைகளுக்கு அக்கான் இன மக்களின் முறைப்படி பெயர் வைத்தார்கள். நாக்கில் ஒரு சொட்டுத் தண்ணீர், பிறகு ஒரு சொட்டு மது. தண்ணீரைத் தண்ணீர் என்றும் மதுவை மது என்றும் சொல், உண்மை பேசு என்று அர்த்தமாம். குழந்தைக்குச் சேனை வைப்பது ஞாபகம் வந்து எனக்குக் கண் கலங்கியது. பிறந்த கிழமைதான் பெயர். பாட்டி வளர்க்கும் அந்தப் பையன் பிறந்தது வெள்ளிக்கிழமை, ஆகவே கோஃபி. ஐ.நா. பொதுச்செயலாளராக இருந்த கோஃபி அன்னானுக்கும் அப்படி வந்த பெயர்தான்.

திரும்பிய பிறகும் சில மாதம் அவர்களோடு இருக்க முடிந்தால் இருங்கள். ஒரு சனிக்கிழமை கோஃபியைக் கூட்டிப்போகப் பாட்டி வந்திருந்தார். அவர் பிறந்த தேதியைப் பழைய காலண்டரில் தேடியிருக்கிறான், வியாழக்கிழமை, ஆகவே யா. வாசலில் நின்றவரைப் பார்த்து "யா!" என்று கத்தினான். கைப்பையைத் தோளில் ஏற்றிக்கொண்டே, "வரேன், வரேன்" என்றார்.