கண்ணப்பர் பதமும் மிலான் மஞ்சள் சோறும்

கேள்வி: மிலானில் வேலை செய்யும் நண்பன் என்னை அங்கே ஓர் உயர்தர இத்தாலிய உணவகத்துக்கு அழைத்துப் போகிறானாம். ஸ்பகெட்டியை முள்கரண்டியில் சுற்றும்போது மானம் போகாமலிருக்க என்ன வழி? நான் சுத்த சைவம்.

பதில்: முள்கரண்டி கிடக்கட்டும். ‘சுத்த சைவம்’ என்று போகிற போக்கில் ஒரு போடு போட்டீர்களே, அதைப் பார்ப்போம்.

சைவத்தின் முன்வரிசையில் இருப்பவர் கண்ணப்பர். காட்டுப்பன்றியைத் தீயில் வாட்டி, துண்டு துண்டாக வாயில் போட்டுப் பதம் பார்த்து, நல்லதை மட்டும் சிவனுக்குப் படைத்தவர். அதிபத்தர் மீனவர், சிறந்த மீன் சிவனுக்கு, மற்றது சந்தைக்கு. சிறுத்தொண்டர் வீட்டில் என்ன சமைத்தார்கள் என்பதைச் சாப்பாட்டுப் பதிலில் எழுத வேண்டாம். ஆகவே அறுபத்து மூவரையும் ‘சுத்த சைவ’ ஓட்டலுக்குக் கூட்டிப் போனால் சிலர் கைகழுவிவிட்டு எழுந்து வந்துவிடுவார்கள். ஈழத்தில் ‘மரக்கறி’ என்கிறார்கள், கச்சிதமான சொல். அதையே எழுதுங்கள் என்று இந்தப் பக்கத்தில் எழுதி எழுதி எனக்குக் கைதான் வலிக்கிறது.

கண்ணப்பர் செய்த சோதனைக்கு இத்தாலியர் வைத்த பெயர் ‘அல் தெந்தே’. பல்லுக்கு என்று பொருள். பாக்கெட்டில் போட்ட நேரத்துக்கு ஒன்றிரண்டு நிமிஷம் முன்பே பாஸ்தாவை எடுத்து, வேகவைத்த தண்ணீரில் ஒரு கரண்டி சேர்த்து, மிச்சத்தைச் சாஸிலேயே வேகவிடுவார்கள். கடித்தால் நடுவில் சற்று எதிர்த்து நிற்க வேண்டும். அதை ‘வேகவில்லை’ என்று திருப்பி அனுப்பினால் அப்போது போகும் மானம்.

இனி உங்கள் மரக்கறி. அங்கே ‘வெஜிடேரியன்’ என்றால் கறியும் மீனும் இல்லை என்று மட்டுமே புரிந்துகொள்வார்கள். பாலாடைக்கட்டி அந்தக் கணக்கில் வராது. பார்மிஜானோ ரெஜ்ஜானோவுக்குப் பாலை உறைய வைப்பது கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னெட். அதன் விதிமுறையே அப்படி. பெக்கோரினோ ரொமானோவுக்கு ஆட்டுக்குட்டி. கிரானா பதானோவில் கன்றுக்குட்டியோடு, பெரும்பாலும் முட்டை வெள்ளையிலிருந்து எடுத்த லைசோசைமும் சேரும். பெஸ்தோ பச்சையாக, கொத்தமல்லிச் சட்னிக்குத் தம்பி மாதிரி இருக்கும். உள்ளே இந்தச் சீஸ்தான்.

மிலானின் பெருமை குங்குமப்பூ ரிசோத்தோ. பார்த்தால் எலுமிச்சைச் சாதம் போல அப்பாவியாக மஞ்சளாய் இருக்கும். பழைய முறைப்படி அதில் மாட்டெலும்பின் மஜ்ஜையும் மாமிச வடிசாறும் உண்டு. காய்கறி வடிசாற்றில் செய்யச் சொல்லலாம். ஆர்டர் கொடுத்த பிறகு பதினெட்டு, இருபது நிமிஷம் கிளறுகிற சமாச்சாரம் என்பதால் பல இடங்களில் ‘குறைந்தது இரண்டு பேருக்கு’ என்று போட்டிருப்பார்கள். நண்பன் எதற்கு என்றால் இதற்குத்தான். மஜ்ஜை இல்லாத ரிசோத்தோவை அவனும் தின்றாக வேண்டும். நட்புக்கு இதைவிடக் கடினமான பரீட்சை மிலானில் இல்லை.

ஐரோப்பியச் சட்டப்படி ஒவ்வாமை தரும் 14 பொருள்களைப் பற்றி அவர்கள் தகவல் தந்தாக வேண்டும். கேளுங்கள், பட்டியல் தருவார்கள். முட்டை, மீன், பால் எல்லாம் அதில் இருக்கும். ரென்னெட், விலங்குத் தோலிலும் எலும்பிலும் எடுக்கும் ஜெலட்டின், மாமிச வடிசாறு இருக்காது. இவை மூன்றையும் வாயைத் திறந்து கேட்டால்தான் தெரியும். இனிப்புகளில் பன்னா கோத்தா ஜெலட்டினில் உறைந்தது. திராமிசூவில் பச்சை முட்டை. அதற்குள் இருக்கும் பிஸ்கட்டிலும் முட்டை. கையால் செய்த நாடா பாஸ்தாவான தாலியாத்தெல்லேயில் நூறு கிராம் மாவுக்கு ஒரு முட்டை. கடையில் விற்கும் உலர் ஸ்பகெத்தி கோதுமை ரவையும் தண்ணீரும் மட்டும். பூண்டு, மிளகாய், ஆலிவ் எண்ணெயில் புரட்டித் தரும் ‘ஆலியோ எ ஓலியோ’, அல்லது தக்காளிச் சாஸில், சீஸ் தூவாமல். உங்களுக்கு அவ்வளவுதான்.

சுற்றுவதா? மூன்று நான்கு இழையை மட்டும் பிடித்து, தட்டின் ஓரத்தில் முனையை ஊன்றிச் சுற்றுங்கள். குவியலின் நடுவில் குத்தினால் நூல்கண்டு கிளம்பி வரும். ஸ்பூன் துணை வேண்டாம். கத்தியால் நறுக்கவே நறுக்காதீர்கள்.

பில்லில் ‘கோபெர்த்தோ’ என்று தலைக்கு இத்தனை யூரோ இருக்கும். உட்கார்ந்ததற்கும் ரொட்டிக்குமான வாடகை. சண்டை போட வேண்டாம். நண்பன் ‘அல்லா ரொமானா’ என்று சொன்னால் மகிழ வேண்டாம். ரோமாபுரிப் பதார்த்தம் அல்ல, பில்லைச் சரிபாதியாகப் பிரிப்பது.

அது ‘ஸ்பகெட்டி’யும் அல்ல, ஸ்பகெத்தி. இத்தாலியரின் ‘த’ நம்முடைய ‘த’. ரிசோத்தோவின் ‘த்த’ நம் பத்து, கத்தியில் வரும் ‘த்த’. ஆங்கிலக்காரன் வாயால் சொன்னதை நாம் ‘ட்ட’ என்று எழுதிக்கொண்டிருக்கிறோம். நம்மைப் போலவே அவர்களுக்கும் ஒற்று முக்கியம். பென்னே என்ற குழல் பாஸ்தாவைக் கேட்கும்போது ‘ன்’னை விழுங்கிவிடாதீர்கள். விழுங்கினால் என்ன அர்த்தம் என்று நண்பனிடம் கேளுங்கள், பரிமாறுபவர் நகர்ந்த பிறகு.