விரல் ரேகை ரிப்போர்ட்டை நம்பி சீட் வாங்காதீர்கள்

அம்மா, திருப்பூரில் இருந்து நீங்கள் கொண்டுவந்த ரிப்போர்ட்டை முழுக்கப் படித்தேன். மகளின் பத்து விரல் ரேகையையும் ஸ்கேன் செய்து, 'உள்முக சுபாவம், கம்ப்யூட்டர் சயின்ஸ் பொருந்தும்' என்று எழுதியிருக்கிறார்கள். உள்முகம் என்றால் அதிகம் பேசாமல் தனக்குள்ளேயே இருக்கும் சுபாவம். தாய்மாமாவும் அதையே சொல்கிறார். மேனேஜ்மென்ட் கோட்டா சீட்டுக்காக வீட்டுப் பத்திரத்தை அடமானம் வைக்கலாமா என்று கேட்கிறீர்கள். பதற்றம் வேண்டாம், நேரம் இருக்கிறது. ஆனால் பத்திரத்தை வைக்காதீர்கள்.

ரேகை, குழந்தை கருவில் இருக்கும்போதே உருவாகிவிடுவது. அதை வைத்து அறிவையும் குணத்தையும் கணிக்க அறிவியல் ஆதாரம் இல்லை என்று இந்திய மனநல மருத்துவர்கள் சங்கமே 2019இல் சொல்லிவிட்டது.

உங்கள் மகள் தயங்கித் தயங்கி ஒன்று சொன்னாளே, கவனித்தீர்களா? "பெரியம்மா பையன் ரிப்போர்ட்லயும் இதே வரிதான் இருக்கு. யாருக்கு வேணும்னாலும் பொருந்தும்." 1948இல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற அமெரிக்க உளவியலாளர் இதைத்தான் சோதித்துப் பார்த்தார். 39 மாணவர்களுக்கு ஆளுமைத் தேர்வு, அதாவது குணத்தை அளக்கும் தேர்வு, வைத்து, அவரவர் முடிவு என்று சொல்லி எல்லோருக்கும் ஒரே பத்தியைக் கொடுத்தார். வரிகள் கடையில் வாங்கிய சோதிடப் புத்தகத்தில் எடுத்தவை. எவ்வளவு பொருந்துகிறது என்று மாணவர்கள் போட்ட சராசரி மதிப்பெண் ஐந்துக்கு 4.26! யாரும் சொல்லித்தராமல் உங்கள் மகளுக்கு அது புரிந்திருக்கிறது.

ஒழுங்கான ஆளுமைத் தேர்வுகளும் உண்டு. ஆனால் அவற்றில் உள்முகம் என்பது ஓர் அளவுகோலில் ஓர் இடம். பெரும்பாலானவர்கள் நடுவில்தான் இருப்பார்கள். ராணுவ அதிகாரி தேர்வில் படத்தைப் பார்த்துக் கதை எழுதச் சொல்வார்கள், ஒரு சொல்லுக்கு 15 விநாடி வீதம் 60 சொற்களைக் காட்டி மனதில் பட்டதை எழுதச் சொல்வார்கள். அங்கேகூட உளவியலாளர் மட்டும் முடிவு செய்வதில்லை. நேர்காணல் அதிகாரியும் குழுச் செயல்களைப் பார்ப்பவரும் தனித்தனியாக மதிப்பிட்டு, கடைசி நாளில் சேர்ந்து உட்கார்ந்து பேசுவார்கள். ஒரே ஒரு ரிப்போர்ட்டை வைத்து நாம் மட்டும் நாலு வருடப் படிப்பை முடிவு செய்வது சரியில்லை.

இன்ஜினியரிங் பற்றித் தாய்மாமா போதுமான அளவு பேசிவிட்டார். அவர் கேள்விப்படாத ஒன்றைச் சொல்கிறேன்: உளவியல் அளவீடு. இப்படிப்பட்ட தேர்வுகளை நேர்மையாக உருவாக்கும் வேலை. 'புது ஆட்களோடு சட்டென்று பேசிவிடுவேன்' என்பது போன்ற வாக்கியங்களைத் தேவைக்கு மேலேயே எழுத வேண்டும். எல்லாவற்றுக்கும் 'ஆமாம்' போடுபவர்களைக் கண்டுபிடிக்க, சிலவற்றை எதிர்த்திசையில் எழுத வேண்டும். அப்புறம் நூற்றுக்கணக்கானவர்களிடம் கொடுத்து, எந்த வாக்கியங்கள் ஒன்றோடொன்று சேர்ந்து போகின்றன என்று புள்ளியியலில் பார்த்து, சேராதவற்றைத் தூக்கிவிட வேண்டும். சில வாரம் கழித்து அதே ஆட்களிடம் கொடுத்தால் ஏறக்குறைய அதே மதிப்பெண் வருகிறதா? அளப்பதாகச் சொன்னதைத்தான் அளக்கிறதா? வெளிநாட்டுத் தேர்வில் 'பார்ட்டியில் பல பேரோடு பேசுவேன்' என்று இருக்கும். பார்ட்டிக்கே போகாத நம் ஊர்ப் பெண் அதற்கு என்ன பதில் போடுவாள்? கல்யாண வீட்டை வைத்து எழுதி, மறுபடி முதலில் இருந்து சோதிக்க வேண்டும். இந்த வேலைக்குத் தமிழ் மண்ணைத் தெரிந்தவர்கள் கட்டாயம் தேவை.

இளங்கலை உளவியல், கூடவே புள்ளியியல், அப்புறம் முதுகலை: ஐந்து வருடம். இளங்கலையோடு நிறுத்தினால் வேலை கிடைப்பது கஷ்டம், இதை மறைக்க மாட்டேன். ஆளெடுப்புத் தேர்வு தயாரிக்கும் நிறுவனங்கள், ராணுவத் தேர்வு வாரியங்கள், ஆய்வு நிறுவனங்கள் ஆகியவற்றில் வாய்ப்பு உண்டு. மருத்துவ உளவியலாளர் ஆவது வேறு பாதை. அதற்கு இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு பெற வேண்டும். கணக்கு பிடிக்காத பிள்ளைக்கு இதைச் சொல்லியிருக்க மாட்டேன். உங்கள் மகளுக்குப் பிடித்த பாடமே கணக்குதான்.

அரசுக் கல்லூரியில் படித்தால் கடன் வாங்கும் அவசியமே வராது. சீட்டுக்கு அட்வான்ஸ் கட்டாதீர்கள். தாய்மாமா கோபித்துக்கொண்டால் என்னிடம் பேசச் சொல்லுங்கள். வருகிற வாரம் அவளை உளவியல் துறை உள்ள ஒரு அரசுக் கல்லூரிக்கு அழைத்துப் போய், புள்ளியியல் தாளின் பழைய வினாத்தாளைக் கேட்டு வாங்கி அவள் கையில் கொடுங்கள். அதைப் பார்த்து அவளே வேண்டாம் என்றால், அடுத்த வழியை மூன்று பேரும் உட்கார்ந்து பேசலாம்.